சத்தத்தை முன்னால் தள்ளும் குழல்முனை: மாட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கருவேலன்:
பத்தரை அங்குலக் குழல் ரைஃபிள், 5.56 மி.மீ. தோட்டா. தோளில் படும் உதையைக் குறைக்க வாயுவைப் பக்கவாட்டில் வீசும் முனையான பிரேக்கைக் கழற்றிவிட்டு, வாயுவையும் சத்தத்தையும் முன்னால் தள்ளும் லீனியர் காம்பென்சேட்டர் மாட்டிய முதல் நாள். கூரையிட்ட சுடுதளத்தில் இலக்குத் தாள்களை மேஜை மேல் வைத்திருப்பேன். பிரேக் இருந்தவரை ஒவ்வொரு சூட்டுக்கும் அவை பறக்கும்; பொறுக்கியே நேரம் போகும். அன்று முதல் தோட்டா போனது. தாள் அசையவில்லை. உதை முன்பைவிடக் கூடியிருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் சத்தம் பாதியாகக் குறைந்தது போலிருந்தது.

நெடுங்குழல்:
அசையாத தாளை நம்பிக் காதைக் கொடுத்துவிடாதீர்கள், நண்பரே. வேட்டையில் இதே வகை முனை மாட்டியிருந்தேன். ஒரே ஒரு சூடுதானே என்று, காதை மூடும் மஃபைக் கழுத்திலேயே விட்டுவிட்டேன். சுட்டதும் கூட வந்தவரின் வாய் அசைகிறது, குரல் வரவில்லை. அன்று இடது காதில் தொடங்கிய ரீங்காரம் இன்றும் படுத்தால் கேட்கிறது. 140 டெசிபலைத் தாண்டும் ஒரே வெடியோசை காதைக் கெடுக்கப் போதும். இந்த ரைஃபிள்கள் 160ஐ எட்டுகின்றன. இது சைலன்சர் இல்லை. வாயுவைப் பிடித்துவைத்து ஆறவைக்கும் அறைகள் உள்ளே கிடையாது. தோட்டா ஒலியைவிட வேகமாகப் போவதால் எழும் சாட்டையடிச் சத்தமும் அப்படியேதான் இருக்கும். 'குறைந்தது' என்று எழுதாதீர்கள், 'முன்னால் போனது' என்று எழுதுங்கள்.

தேன்சிட்டு:
முன்னால் போனது யார் மேல் என்று நான் சொல்கிறேன். தம்பிக்குக் குறி பார்த்துச் சொல்ல, அவனுக்கு வலப்பக்கம் குழல்முனையை ஒட்டி முட்டி போட்டிருந்தேன். அங்கே இருந்தது என் தவறுதான். அவன் சுட்டுவிட்டு, "அக்கா, மெத்தென்று இருக்கிறது" என்றான். எனக்குப் பல்லெல்லாம் கூசிப்போயிருந்தது.

பட்டறை:
எனக்குக் குறி இரண்டு விரற்கடை கீழே இறங்கியது, அவ்வளவுதான். ஆனால் மாட்டப்போகிறவர்கள் கேளுங்கள். முதலில் தோட்டா இல்லை என்று உறுதிசெய்துவிட்டுக் குழல் நுனியின் திருகுமரையைத் துடையுங்கள். முனையைக் கையால் சுற்றும்போதே இறுகிப் பிடித்தால் நிறுத்திவிடுங்கள். கோணலாக ஏறிய முனையின் உட்சுவரில் தோட்டா உரசும். 5.56க்கு வழக்கமான மரை அரை அங்குலம், அங்குலத்துக்கு 28 சுற்று. அதே மரையில் பெரிய தோட்டாவுக்கான குழல்களும் வருகின்றன, ஆகவே முனையின் துளை உங்கள் தோட்டாவுக்குப் போதுமா என்று தனியாகப் பாருங்கள். முனையின் எடை குழலின் அதிர்வை மாற்றும். குறியை மறுபடி சரிசெய்யாமல் வேட்டைக்குப் போகாதீர்கள். நான்கு பக்கமும் சுவருள்ள இடத்தில் முன்னால் போன சத்தம் மோதித் திரும்பிவரும். 20 அங்குலக் குழலில் சத்தம் ஏற்கெனவே காதிலிருந்து தள்ளியே எழும்; அது வைத்திருப்பவர்கள் இந்தப் பணத்தை நல்ல காதடைப்பானுக்குச் செலவிடுங்கள். உள்ளே அடைப்பான், மேலே மஃப், இரண்டும் வேண்டும்.

கருவேலன்:
நெடுங்குழல், சொல்லைத் திருத்திக்கொள்கிறேன்: முன்னால் போனது. மஃபை நான் ஒருநாளும் கழற்றியதில்லை. ஆனால் பக்கத்து மேஜைக்காரர், பிரேக் இருந்த நாட்களில் நான் வந்து உட்கார்ந்ததுமே எழுந்து போய்விடுவார். இப்போது என் அருகிலேயே இருந்து கடைசித் தோட்டா வரை சுடுகிறார்.