பிள்ளை காதில் விழுந்த ஒரு பேச்சு: உங்கள் அனுபவம்?

டூங்காபி அம்மா:
பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கு ஆஸ்திரேலிய அரசு தருகிற உதவிப் பணம் எஃப்டிபி (ஃபேமிலி டாக்ஸ் பெனிஃபிட்). அதைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்த வீடுகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. போன வருடம் என் கணவருக்கு ஓவர்டைம் நிறைய, அதனால் ஆயிரத்துச் சொச்சம் டாலர் கட்டணும். அவர் ஃபோனில் யாரிடமோ "பிள்ளைக்குன்னு குடுத்த காசு, இப்ப பிள்ளையால கடன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பக்கத்தில் மகள் கலர் அடித்துக்கொண்டிருந்தாள், இரண்டாம் வகுப்பு. அப்புறம் கொஞ்ச நாளில் ஸ்கூலிலிருந்து மெசேஜ், சிட்னி டரோங்கா ஜூ எக்ஸ்கர்ஷனுக்கு உங்கள் படிவமும் பணமும் இன்னும் வரவில்லை என்று. பையைக் கவிழ்த்தால், அடியில் நசுங்கிய வாழைப்பழத்தோடு ஒட்டிக்கொண்டு நாலாக மடித்த படிவம். கேட்டால் "எனக்கு அனிமல்ஸ் பிடிக்காதும்மா" என்கிறாள். கோலா படம் போட்ட பைஜாமாவில் நின்றுகொண்டு சொல்கிறாள்! எனக்கு இன்னும் ஆறவில்லை.

வரிக்கணக்கு:
எனக்கும் ஒருமுறை வந்தது, கட்டினேன், முடிந்தது. சகோதரி, இதில் பயப்பட ஒன்றுமில்லை. நாம் சொல்கிற வருமான எஸ்டிமேட்டை வைத்துத்தான் பணம் வருகிறது. ஜூன் 30 தாண்டி, கணவன் மனைவி இரண்டு பேரும் டாக்ஸ் ரிட்டர்ன் போட்ட பிறகுதான் உண்மைக் கணக்கு. கூடுதலாக வாங்கியிருந்தால் திரும்பக் கேட்பார்கள், குறைவாக வாங்கியிருந்தால் மீதியைக் கொடுப்பார்கள். ஓவர்டைம், போனஸ் வருகிற வீடுகள் எஸ்டிமேட்டைக் கொஞ்சம் கூட்டியே போடுங்கள், சம்பளம் மாறினால் உடனே மைகவ் என்கிற அரசு இணையதளத்தில் போய் மாற்றுங்கள். தலைவலியே வேண்டாம் என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வாங்காமல் வருடம் முடிந்ததும் மொத்தமாக வாங்கலாம். பிள்ளையின் தடுப்பூசிப் பதிவு விட்டுப்போனால் எஃப்டிபியின் முதல் பகுதியான பார்ட் ஏ குறையும், அதையும் பாருங்கள். இரண்டாம் பகுதியான பார்ட் பி வேறு கதை, அங்கே கணவன் மனைவியில் குறைவாகச் சம்பாதிக்கிறவரின் சம்பளம்தான் இடிக்கும். மற்றபடி பிள்ளைகள் முன்னால் காசு பேசக் கூடாது, அவ்வளவுதான்.

வென்டி மாமா:
அண்ணை, அவா கேட்டது வரிக்கணக்கே? பிள்ளை படிவத்தை ஒளிச்சு வைச்சது உங்களுக்குக் கண்ணில் படேல்லையோ? காசு கதைக்கக் கூடாது என்பதையும் நான் ஏற்கமாட்டேன். எங்கட வீட்டில் வாடகை, பில் எல்லாம் பிள்ளைகளுக்கு முன்னால்தான் கதைக்கிறது. இந்தக் கடன் உன்னால் வந்தது இல்லை என்று அந்தப் பிள்ளையிடம் ஒருக்கா நேராகச் சொன்னால் சரி.

என்ர கதை இதுதான். தமிழ்ப் பள்ளி முடிந்து ரோல்ஸ் வாங்க நிற்கிறோம், தெரிந்தவர் ஒருவர் மகனைப் பார்த்து "என்ன தம்பி, செலக்டிவ் கிடைச்சதோ?" என்றார். செலக்டிவ் என்றால் பரீட்சை வைத்துப் பிள்ளைகளை எடுக்கிற அரசு ஹைஸ்கூல். இவன் ரோல்ஸைக் கடித்தபடியே "நான் எக்ஸாம் எழுதேல்லை அங்கிள்" என்றான். எழுதினவன்! டியூஷனுக்குக் கூட்டிப்போய்க் காருக்குள் காத்துக் கிடந்தவன் நான். எழுதிக் கிடைக்கவில்லை என்பதைவிட எழுதவேயில்லை என்பது மரியாதை என்று ஆறாம் வகுப்பில் கணக்குப் போட்டிருக்கிறான். அந்த மனுசனுக்கு இப்போதும் நான் சரியாக முகம் கொடுத்துக் கதைக்கிறதில்லை.

மெல்பர்ன் மீனாட்சி:
கேட்டவரைக் கோபித்து என்ன பண்றது, நம்ம வீட்டுக்குள்ளேயே அந்த ஒரு பரீட்சையைப் பெரிசாக்கி வச்சிருந்தா பையன் வேற என்ன சொல்வான்? சும்மா பாராட்டித் தள்ளினாலும் வேலைக்கு ஆகாது, அதையும் பார்த்தாச்சு. என் மகனுக்கு அசெம்பிளியில் சர்டிஃபிகேட் குடுத்தாங்க. நான் கை தட்டி வீடியோ எல்லாம் எடுக்கிறேன், அவன் கார்ல ஏறினதும் "எல்லாருக்கும் டர்ன் வரும்மா, இன்னிக்கு என் டர்ன்" என்று சொல்லி அதைச் சீட்டில் போட்டுவிட்டு ஜூஸ் கேட்கிறான். அதே பையன் தோசை திருப்பக் கத்துக்கிட்ட அன்னிக்கு, மதுரையில் தூங்கிக்கிட்டிருந்த பாட்டியை வீடியோ காலில் எழுப்பி, கரண்டியும் கையுமா "ரெண்டுதான் பாட்டி கிழிஞ்சது" என்று காட்டினான். பாட்டியும் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கிட்டு, "அந்த ஓரம் வேகலையேடா" என்றார். அதுக்கு ஒரு சிரிப்பு சிரிச்சான் பாருங்க.

வரிக்கணக்கு அண்ணா, அந்தப் பார்ட் பி பத்தித் தனியா ஒரு பதிவு போடுங்க, நான் மார்ச்சில் வேலைக்குச் சேரப்போறேன்.