புதுப்பிப்பு: தோள்வார் வைத்த பனிச்சறுக்கு பேன்ட், தண்ணீர் ஊறினால்

முதலில் ஒரு திருத்தம். முந்தைய பதிவில் தோள்வாரின் நீளத்தை நிமிர்ந்து நின்று சரிசெய்யச் சொல்லியிருந்தேன். அது தவறு. பூட்ஸ் மாட்டி, முழங்காலை மடக்கிக் குனிந்து பார்த்து வையுங்கள். இல்லாவிட்டால் சறுக்கும்போது வார் தோளை அறுக்கும்.

இரண்டாம் சீசனிலேயே பேன்டின் உட்காரும் பகுதி ஈரமாகிறது என்ற கேள்விக்கு வருகிறேன். துணி கெட்டுவிட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். வெளிப்பக்க நீர்விலக்கிப் பூச்சு அழுக்கிலும் சோப்பு மிச்சத்திலும் அடங்கிப் போயிருக்கும். ஜிப், வெல்க்ரோ எல்லாவற்றையும் மூடி, 30 டிகிரியில் திரவ சோப்பு கொஞ்சமாக விட்டுத் துவைத்து, இரண்டு முறை அலசுங்கள். கம்ஃபர்ட் மாதிரி துணியை மென்மையாக்கும் சமாச்சாரம் கூடவே கூடாது. மெஷினின் சோப்புத் தட்டில் ஒட்டியிருப்பதையும் கழுவிவிடுங்கள். பிறகு லேபிள் அனுமதித்தால் டிரையரில் குறைந்த சூட்டில் 20 நிமிடம். பூச்சுக்கு உயிர் கொடுப்பது அந்தச் சூடுதான்.

பேன்ட்மேல் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டால் போதும். தண்ணீர் படர்ந்து துணி கறுத்தால் நீர்விலக்கி ஸ்பிரே அடியுங்கள். பஞ்சு வைத்த பேன்டுக்குத் துவைக்கும்போது ஊற்றும் வகை எனக்குப் பிடிக்காது, உள் லைனிங்கிலும் ஏறிவிடும்.

தண்ணீர் புகாமலிருக்க உள்ளே தையல்மேல் ஒட்டிய டேப் உரிந்திருந்தால் ஸ்பிரே வீண். டேப்பைத்தான் மாற்ற வேண்டும்.

பாதத்தருகே உள்ள எலாஸ்டிக் உறை பூட்ஸுக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே திணித்தால் கணுக்காலை அழுத்தும், பனியும் இறங்கும்.