பழைய படகுப் பலகைய வெந்நீர் அடுப்புல எரிக்கலாமா?

தேவனாம்பட்டினம்: வீட்டு பின்னாடி வெந்நீர் அடுப்பு இருக்கு, சவுக்கு விறகு வெலை ஏறிப்போச்சு. பெயின்ட் அடிச்ச பழைய படகுப் பலகை கொஞ்சம், வெட்டிப்போட்ட அரளி, முந்திரிக் கிளை எல்லாம் கெடக்கு, எதெத எரிக்கலாம்?

பண்ருட்டி முந்திரி: படகுப் பலகை வேணவே வேணாம்ங்க. பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கும், உப்புத்தண்ணில ஊறுன கட்டைய எரிச்சா டயாக்சின்ங்கற நச்சு வேற வரும். அரளி பக்கமே போகாதீங்க, புகையே விஷம். முந்திரிக்கட்டை நல்லா காஞ்சா ஓகே, ஆனா கொட்டை ஓட்ட அதுகூட போட்றாதீங்க, அந்த எண்ணெய் தெறிச்சா தோல் வெந்துபோகும், புகை தொண்டைய புடிக்கும். தானே புயல்ல 2011 டிசம்பர்ல எங்க பக்கம் முந்திரி, பலா எல்லாம் சாஞ்சப்போ ஊரே இததான் எரிச்சுச்சு, ஆனா பச்சையா எரிச்சா வெறும் புகைதான் வரும், சூட்டுல ஒரு பங்கு ஈரத்த ஆவியாக்கவே போய்டும்.

கிள்ளை வாசி: பிச்சாவரம் பக்கத்துலேர்ந்து யாராவது தில்லைக்கட்டை (அலையாத்திக் காட்டு மரம்) தந்தா வாங்காதீங்க, அந்த மரத்துப் பால் கண்ணுல பட்டா பார்வையே போகலாம், புகையும் கண்ண பதம் பாக்கும்.

தேவனாம்பட்டினம்: அப்ப முந்திரி மட்டும்தான். எத்தன நாள் காயணும்?

பண்ருட்டி முந்திரி: பொளந்து, மழை படாம காத்தோட்டமா அடுக்கி ஆறு மாசமாவது விடுங்க, நுனில வெடிப்பு விழுந்து, ரெண்டு கட்டைய தட்டுனா டங்குன்னு கேக்கணும். தணல அள்ளி ரூம்குள்ள வெச்சு கதவ மட்டும் சாத்திறாதீங்க, அதுலேர்ந்து வர்ற கார்பன் மோனாக்சைடுங்கற விஷ வாயுவுக்கு வாசனையே கெடையாது.