போன்சாய்க்கு ‘அகல்மரம்’: என் பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். கலத்தில் வைத்து, வெட்டி அடக்கி வளர்க்கும் ஜப்பானிய மரமான போன்சாய்க்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று நான் கேட்கப்போய், ஒரு வாரமாக இந்த இழை நீண்டுகொண்டே போகிறது. குறுமரம், குட்டைமரம், சிற்றுருமரம், தொட்டிமரம் என்று நான்கு சொற்கள் வந்துவிட்டன. போன்சாய் என்றே இருக்கட்டும் என்பவர்களும் இருக்கிறார்கள். பல வருடமாக மொட்டை மாடியில் இந்த மரங்களோடு பழகுகிறவன் என்ற உரிமையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> குட்டைமரம் என்றால் யாருக்கும் உடனே விளங்கும்.

விளங்கும், ஆனால் தப்பாக விளங்கும். குட்டை என்ற சொல்லுக்கு உழவர்களிடம் ஏற்கெனவே திட்டமான ஒரு பொருள் இருக்கிறது. தென்னங்கன்று வாங்கப் போனால் ‘நெட்டையா, குட்டையா’ என்றுதான் முதலில் கேட்பார்கள். அங்கே குட்டை என்பது ரகம். விதையிலேயே உள்ள குணம். எந்த மண்ணில் வைத்தாலும் அது மாறாது. போன்சாய் அப்படியா? அதன் விதையை எடுத்துத் தோட்டத்தில் ஊன்றினால் முழு மரம்தான் வரும். மரத்தையே தூக்கி மண்ணில் வைத்தாலும் அப்படித்தான்.

இதை நான் கண்ணால் பார்த்தேன். எங்கள் தெருவில் ஒருவருக்குப் புதுமனை புகுவிழாவுக்கு ஒரு ஃபைகஸ் (ஆல், அரசு இனம்) போன்சாய் அன்பளிப்பாக வந்தது. கொடுத்தவர் ‘குட்டை மரம், இதுக்கு மேல வளராது’ என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். அதைத் தொட்டியில் அடைத்து வைக்க வாங்கியவருக்கு மனம் வரவில்லை. மதில் ஓரமாகக் குழி எடுத்து நட்டுவிட்டார். மூன்றாவது மழைக்காலத்தில் மரம் மதிலுக்கு மேல் தலையை நீட்டியது. வேர் அடியில் போய் மதில் விரிந்துவிட்டது. வெட்டத்தான் வேண்டியிருந்தது. அது வந்த புதிதில் நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். என் மணிக்கட்டுப் பருமனில் அடிமரம், ஒரு முழ உயரம். யாரோ பல வருடம் உட்கார்ந்து வளர்த்த மரம். ‘குட்டை’ என்ற ஒரு சொல் இல்லாதிருந்தால் அது இன்றைக்கும் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

குறுமரம் கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இயல்பாகவே சிறிதாக நின்றுவிடும் மரங்களுக்கு அதைத் தாவரவியலில் எழுதுகிறோம். ஏற்கெனவே வேலை பார்க்கும் சொல்லை இன்னொரு வேலைக்கு இழுக்கக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன்சாயில் எல்லாமே சிறுத்துவிடுவதில்லை. கவாத்தாலும் நுனி கிள்ளுவதாலும் இலை சிறுக்கும், கணு நெருங்கும். பூவும் காயும் சிறுக்காது. என் மாதுளை முக்கால் முழம்தான், அதில் பூக்கிற பூ தோட்டத்து மாதுளைப் பூவின் அளவு. அளவென்று பார்த்தாலும் உள்ளங்கையில் அடங்குவதும் இருக்கிறது, நான்கு பேர் சேர்ந்து தூக்குவதும் இருக்கிறது. ஆக, சிறுமையை வைத்துப் பெயரிட்டால் அது பாதிக்குமேல் பொருந்தாது.

சரி, ஜப்பானியர்கள் எதை வைத்துப் பெயரிட்டார்கள்? ‘போன்’ என்றால் ஆழமில்லாத தட்டு போன்ற கலம். ‘சாய்’ என்றால் நடுதல். அவ்வளவுதான். சின்னது என்ற பொருள் அந்தப் பெயரில் எங்குமே இல்லை! எதில் இருக்கிறது, என்ன செய்தார்கள் என்பதை மட்டும் சொல்கிற பெயர்.

நடுவது என்பதும் ஒருமுறை நட்டுவிட்டு மறந்துபோகிற வேலை இல்லை. இளமரமானால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, முதிர்ந்ததானால் நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை கலத்திலிருந்து எடுத்து, வேரைக் கவாத்து செய்து, புது மண்ணில் திரும்ப நடவேண்டும். வாஷிங்டன் தேசிய மரப்பூங்காவில் ஐந்தூசி வெள்ளைப் பைன் ஒன்று இருக்கிறது. 1625 முதல் வளர்த்துவரும் மரம். ஹிரோஷிமாவில் யமாகி குடும்பத்தாரிடம் இருந்தது. 1945 ஆகஸ்டு 6-ஆம் தேதி குண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தூரத்தில், நாற்றங்கால் மதிலின் மறைவில் நின்று பிழைத்தது. 1976-இல் ஜப்பான் அமெரிக்காவுக்குக் கொடுத்த 53 மரங்களில் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தது. அது குண்டுக்குத் தப்பிய மரம் என்பதே 2001-இல் யமாகியின் பேரர்கள் தேடி வந்து சொன்ன பிறகுதான் அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். எத்தனை கைகள் அதை எடுத்து எடுத்து நட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதைப் போய் எப்படிக் குட்டை என்று கூப்பிடுவது?

> அப்படியானால் தொட்டிமரமே போதுமே.

கிட்டத்தட்ட வந்துவிட்டீர்கள், ஆனால் ஒரு படி குறைகிறது. ஜப்பானிய மொழியிலேயே இரண்டுக்கும் வேறு வேறு சொல் உண்டு. ‘ஹாச்சி’ என்றால் கிண்ணம் போன்ற கலம். சாதாரணத் தொட்டிச் செடிக்கு ‘ஹாச்சியுவே’ என்பார்கள். நம் தொட்டிச் செடிக்கு நேரான சொல் அது. போன்சாயில் கலம் ஆழமில்லாமல் இருப்பதுதான் விஷயமே. அடிமரத்தின் பருமன் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு ஆழம் போதும் என்பது கலம் தேர்ந்தெடுப்பவர்கள் சொல்லும் பொதுக்கணக்கு. ரோஜா வைக்கும் சிமெண்டுத் தொட்டியில் ஓர் ஆலங்கன்றை வைத்துப் பாருங்கள், தொட்டிதான் கண்ணில் படும். அதையே ஆழமில்லாத கலத்தில் வைத்தால் மண் தரையாகிவிடும், மரம் தரைமேல் நிற்கும்.

ஆழமில்லாத, வாய் அகன்ற மண்கலத்துக்குத் தமிழில் என்ன பெயர்? அகல்.

ஆகவே என் பரிந்துரை: அகல்மரம்.

இதை முன்பே இழையில் ஒரு வரியாகச் சொன்னபோது இரண்டு மறுப்புகள் வந்தன. அகல் என்றதும் விளக்குதானே நினைவுக்கு வரும் என்பது ஒன்று. வரட்டும். கார்த்திகைக்கு வாசலில் வைக்கும் அகலை எண்ணிப் பாருங்கள்: சுட்ட மண், தாழ்ந்த விளிம்பு, ஆழமே இல்லாத குழிவு. நான் சொல்ல நினைக்கும் வடிவம் கேட்பவர் மனத்தில் தானாகவே வந்து உட்கார்ந்துவிடுகிறது. அடியில் வடிதுளை மட்டும்தான் இல்லை. பெரிய கலத்துக்கும் இந்தப் பெயர் பொருந்துமா என்றால், சொல் வடிவத்தைத்தான் குறிக்கிறது, தாராளமாகப் பொருந்தும்.

மற்றது இலக்கணம். இழையில் மூத்தவரான ஐயா அவர்கள் எழுதியிருந்தார்கள்: அகல் மரம் என்பதை வினைத்தொகையாகக் கொண்டால் ‘அகன்ற மரம்’ என்று பொருள்படும், பெயராகக் கொண்டால் நன்னூல் விதிப்படி லகரம் னகரமாகி ‘அகன்மரம்’ ஆக வேண்டும் என்று. இரண்டுமே உண்மை. ஐயாவின் சொல்லைத் தட்டுவதாக நினைக்க வேண்டாம். கால்மிதி இன்று கான்மிதி ஆவதில்லை, வேல்முருகன் வேன்முருகன் ஆவதில்லை. சேர்த்தே எழுதுவோம், விளங்கிவிடும். வினைத்தொகையாகப் படிக்கிறவர் படித்தாலும் எனக்கு வருத்தமில்லை. கொஞ்ச இடத்தில் கிளையைப் பரப்பி நிற்பதுதானே இந்த மரத்தின் அழகு.

கலைச்சொல் என்றால் அதிலிருந்து அடுத்தடுத்த சொற்கள் பிறக்க வேண்டும். எனக்கு அகல் பிடித்துப்போனது அந்தச் சோதனையில்தான். சீனர்களின் ‘பென்ஜிங்’ ஜப்பானியக் கலைக்கு மூத்தது. கி.பி. 706-இல் கட்டிய இளவரசர் ஜாங்ஹுவாயின் கல்லறைச் சுவரில், கலத்தில் வைத்த சிறு நிலக்காட்சியைப் பணியாளர் ஏந்தி வரும் ஓவியம் இருக்கிறது. பென்ஜிங்கின் முதல் எழுத்தும் போன்சாயின் முதல் எழுத்தும் ஒன்றே, இரண்டும் அந்தக் கலத்தையே குறிக்கின்றன. பென்ஜிங்கில் மரத்தோடு பாறை, நீர், சில சமயம் சிறு மண்டபம்கூட இருக்கும். அதை அகல்நிலம் என்று சொல்லிவிடலாம். ஒரே கலத்தில் பல மரங்களைக் கூட்டி நடும் ‘யோசே உவே’, அகல்தோப்பு. கலையின் பெயர் அகல்மரக்கலை. குட்டைமரத்தை வைத்துக்கொண்டு பென்ஜிங்கை என்ன செய்வீர்கள்?

வாக்கியத்திலும் வைத்துப் பார்த்தேன். இந்த இழையை நான் தொடங்கியதே ஜப்பானின் போன்சாய் ஊரான ஓமியா பற்றி ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்து, சொல் கிடைக்காமல் திணறியதால்தான். ‘1923 பெருநிலநடுக்கத்துக்குப் பிறகு தோக்கியோவின் அகல்மரக்காரர்கள் நல்ல மண்ணும் நீரும் காற்றும் தேடி வடக்கே போய், 1925-இல் ஓமியாவில் ஓர் ஊரே அமைத்தார்கள். அங்கே குடியேறுகிறவர் பத்து அகல்மரமாவது வைத்திருக்க வேண்டும், வாசலை எல்லோருக்கும் திறந்து வைக்க வேண்டும், மாடி கட்டக் கூடாது, வேலி உயிர்வேலியாக இருக்க வேண்டும் என்று தங்களுக்குள் விதி வகுத்துக்கொண்டார்கள்.’ படித்துப் பாருங்கள், நாக்கு எங்கும் இடறவில்லை. கடையில் போய் போன்சாய் என்று கேட்பதை நான் தடுக்கவில்லை. அது பாட்டுக்கு இருக்கட்டும்.

உறுப்புப் பெயர்கள் சிலவற்றுக்கு நாம் தேடவே வேண்டியதில்லை, ஊரிலேயே இருக்கின்றன. மண்ணுக்கு மேல் நாலாபக்கமும் வேர் விரிந்து அடிமரத்தைத் தாங்கும் இடத்தை ‘நேபாரி’ என்கிறார்கள். வேர்ப்பரவல், வேர்த்தளம் என்றெல்லாம் வந்த பரிந்துரைகளைப் பார்த்தேன். நம் ஆட்கள் அதைத் தூர் என்பார்கள். போன பங்குனியில் என் ஆலமரத்தைக் கலத்திலிருந்து எடுத்தேன். கைப்பிடிச்சுவர் விரிசலில் முளைத்துக் கிடந்த கன்று அது. ஒரு குச்சியால் மண்ணை மெல்லக் கோதிவிட, உள்ளே வேர்கள் கலத்தின் உருவத்துக்கே சுற்றிச் சுற்றி மெத்தை மாதிரி பின்னியிருந்தன. அடியில் கீழ்நோக்கி இறங்கியவற்றை நறுக்கிவிட்டு, பக்கவாட்டில் போனவற்றைக் கோழிக்கால் போல விரித்து உட்கார வைத்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டிருந்த அம்மா, ‘தூரு நல்லா கட்டியிருக்கு’ என்றார். நேபாரி என்ற சொல்லை அவர் கேட்டதே இல்லை. இதற்குமேல் நான் என்ன வாதாட?

அதேபோல பட்டை உரித்து வெளுக்க விட்ட கிளைக்கு ‘ஜின்’ என்கிறார்கள். அது பட்ட கிளை. பட்டமரம் என்று சொல்கிறோமே, அதே ‘பட்ட’தான். அடிமரத்தில் அப்படி வெளுத்த பகுதி ‘ஷாரி’. இந்தச் சொல் புத்தரின் உடல் எச்சத்தைக் குறிக்கும் வடமொழிச் சரீரத்திலிருந்து சீனம் வழியாக ஜப்பான் போனது. பட்ட மேனி என்று வைத்தால் அந்த உடல் என்ற பொருளும் விட்டுப்போகாது.

இனி, கட்டுரைக்கு வேண்டிய ஜப்பானியத் தோட்டச் சொற்கள். தூரத்துக் காட்சியைத் தோட்டத்தின் பகுதியாக்கிக்கொள்ளும் ‘ஷக்கெய்’க்குக் கடன்காட்சி என்று தம்பி ஒருவர் எழுதியிருந்தார். கியோத்தோவின் என்ட்ஸு-ஜி கோயில் திண்ணையில் உட்கார்ந்தால் பாசி, கல், தாழ வெட்டிய உயிர்வேலி, அதற்குப் பின்னால் நெட்டுக்குத்தாக மரத்தண்டுகள், அவற்றுக்கு நடுவே தூரத்து ஹியெய் மலை. மலை கோயிலுடையது இல்லை, ஆனால் தோட்டத்தின் பகுதியாகிவிட்டது. தம்பி, கடன் வாங்கிய பணத்தை வேறு நோட்டாகத் திருப்பிக் கொடுக்கலாம். இரவல் வாங்கிய நகையை அதே நகையாகத்தான் கொடுக்க வேண்டும், அதுவரை அதற்கு ஒரு கீறலும் படக் கூடாது. நடுவில் ஒரு கட்டடம் எழும்பினால் அந்தக் காட்சி போய்விடும் என்பதால்தான் கியோத்தோ நகரம் 2007-இல் இப்படிப்பட்ட காட்சிகளைக் காக்கக் கட்டட உயரத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. எனவே இரவல்காட்சி என் தேர்வு.

கடைசியாக, யாரும் இன்னும் தொடாத ‘கரேசன்சுய்’. கியோத்தோவின் ரியோவான்-ஜி கோயிலில் இருப்பது போன்ற, கல்லும் சரளையுமான தோட்டம். வறள்தோட்டம், கல்தோட்டம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்தப் பெயருக்குள் வறட்சியோடு மலையும் இருக்கிறது, நீரும் இருக்கிறது. நீரை எடுத்துவிட்டால் பெயர் செத்துவிடும். அங்கே பதினைந்து கற்கள், திண்ணையில் எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றாவது மறைந்திருக்கும். கற்களைச் சுற்றி வெண்சரளையை வாரியால் வரிவரியாக இழுத்திருப்பார்கள். கல்லை நெருங்கும்போது வரி வளைந்து அதைச் சுற்றிக்கொள்ளும், தண்ணீர் சுற்றுகிற மாதிரியே.

இதற்கு நம்மிடம் ஒரு பழைய சொல் சும்மா கிடக்கிறது: அறல். ஆற்றில் நீர் ஓடி ஓடி வரி விழுந்த மணல். சங்கப் பாடல்களில் கூந்தலுக்கு உவமை சொல்வார்களே, அந்த அறல். நீருக்கும் அதே சொல் உண்டு. மணலையும் நீரையும் ஒரே மூச்சில் சொல்லும் இப்படியொரு சொல் கையில் இருக்கும்போது வேறு எதைத் தேடுவது? அறல் கருமணல் ஆயிற்றே, அங்கே இருப்பது வெள்ளையாயிற்றே என்று கேட்கலாம். எனக்கு நிறத்தைவிட அந்த வரிதான் பெரிதாகப் படுகிறது.

அறல்தோட்டம் என்று எழுதலாமா, அறல்வெளி என்று எழுதலாமா என்பதில் மட்டும் எனக்கு ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. புணர்ச்சி விதியை அப்படியே கடைப்பிடித்தால் முதலாவது அறற்றோட்டம் ஆகிவிடும், படிக்கிறவர் தடுமாறுவார். ஐயா அவர்களும் மற்றவர்களும் சொல்லுங்கள், அதன் பிறகு கட்டுரையை முடிக்கிறேன்.

அன்புடன்,
மொட்டை மாடியிலிருந்து