தூக்கு என்று தீர்ப்பு வந்த பிறகும் வழக்கு ஏன் மேலே போகிறது?

காரைக்குடிக்காரன்:
நேற்று எங்கள் ஐயாவோடு ஒரே வாக்குவாதம். முகப்பில் பேப்பரை விரித்துக்கொண்டு, சாட்சியை நேரில் பார்த்த செஷன்ஸ் ஜட்ஜ் தூக்கு என்கிறார், சாட்சி முகத்தையே பார்க்காத ஹைகோர்ட் அதை மாற்றுகிறது, இது என்ன நியாயம் என்கிறார். உடுமலைப்பேட்டை சங்கர் கொலை வழக்கை வேறு இழுத்தார். 2017இல் ஆறு பேருக்குத் தூக்கு, 2020இல் ஹைகோர்ட் ஒருவரை விடுவித்து ஐந்து பேருக்கு ஆயுளாகக் குறைத்தது. சரி, அப்பீலே போடாவிட்டால் தூக்கில் போட்டுவிடுவார்களா? முதலிலிருந்து விசாரிக்கச் சொல்ல முடியுமா?

பழைய பெஞ்ச் கிளார்க்:
தம்பி, அப்பீல் போடாவிட்டாலும் போயே ஆக வேண்டும். ஹைகோர்ட் உறுதி செய்கிறவரை அந்தத் தண்டனையை நிறைவேற்ற முடியாது. பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 366, இப்போது அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் 407. சிவகங்கையில் தீர்ப்பானால் மொத்த வழக்குக் கட்டும் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளைக்குப் போகும், அங்கே ஆர்.டி. (ரெஃபர்டு டிரயல்) என்று தனி நம்பர். கைதி போட்ட அப்பீலையும் அதோடு சேர்த்து இரண்டு நீதிபதிகள் கேட்பார்கள். சாட்சியத்தை முழுக்கத் திரும்ப அலசிவிட்டு உறுதி செய்யலாம், குறைக்கலாம், விடுவிக்கலாம், புது விசாரணைக்கும் உத்தரவிடலாம்.

முகத்தைப் பார்ப்பது பெரிசுதான். ஆனால் ஒரு கொலை வழக்குக் கட்டுக்கு நான் பக்க எண் போட்டபோது பார்த்தேன், மகஜரில், அதாவது போலீஸ் சம்பவ இடத்தில் எழுதுகிற பதிவில், ஒரு தேதி, சாட்சி சொன்னது வேறு தேதி. கீழ்க்கோர்ட்டில் யாருமே கேட்கவில்லை. சாட்சிக்குச் சாட்சி, அடியில் 'குறுக்கு விசாரணை இல்லை' என்று ஒற்றை வரி, கைதியின் வக்கீல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

தேவகோட்டை ரஸ்தா:
அப்போ செத்தவர் குடும்பம்? மறுவிசாரணை என்றால் பெற்றவள் திரும்பவும் கூண்டேறி அதையே சொல்லி அழ வேண்டும். அதற்குள் பாதிச் சாட்சி போய்ச் சேர்ந்திருப்பான். இதைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை.

வக்கீல் அண்ணன்:
நியாயமான கேள்வி. அதனால்தான் மறுவிசாரணையை லேசில் கொடுப்பதில்லை. 1997 டெல்லி பஸ் குண்டுவெடிப்பு வழக்கைப் பாருங்கள், பெரும்பாலான சாட்சிகளை விசாரித்தபோது குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீலே கிடையாது. அப்படியும் தூக்கு, ஹைகோர்ட்டும் உறுதி செய்தது. 2012இல் சுப்ரீம் கோர்ட்டில் இரண்டு நீதிபதிகளுமே தண்டனையை ரத்து செய்துவிட்டு, விட்டுவிடலாமா, திரும்ப விசாரிக்கலாமா என்பதில் பிரிந்தார்கள். மூன்று பேர் அமர்வு உட்கார்ந்து மறுவிசாரணை என்றது. 2013இல் அவர் விடுதலை. இத்தனை வருஷம் கழித்து, செத்தவர்கள் குடும்பத்துக்கும் பதில் கிடைக்கவில்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

சுப்ரீம் கோர்ட்டே தவறுவதும் உண்டு. 2009இல் மகாராஷ்டிரா வழக்கு ஒன்றில் ஆறு பேருக்குத் தூக்கு என்றது, 2019இல் சீராய்வு மனுவில், அதாவது தன் தீர்ப்பைத் தானே திரும்பப் பார்க்கச் சொல்லும் மனுவில், ஆறு பேரையும் நிரபராதி என்று அனுப்பியது. 2014க்குப் பிறகு தூக்கு வழக்குச் சீராய்வைத் திறந்த கோர்ட்டில் கேட்கிறார்கள், முன்பெல்லாம் பெரும்பாலும் நீதிபதிகளின் அறைக்குள்ளேயே முடிந்துவிடும்.

காரைக்குடிக்காரன்:
ஐயாவுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். அந்த ஒற்றை வரியில் நிறுத்தச் சொன்னார். கணக்குப்பிள்ளை புத்தி போகுமா, "அந்த வக்கீலுக்கு ஃபீஸ் எவ்வளவு, யார் கொடுத்தது, கேள்" என்கிறார்.

பழைய பெஞ்ச் கிளார்க்:
கோர்ட் வைத்துக் கொடுத்த வக்கீல்தான், ஃபீஸ் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. கட்டு அவர் கைக்கு வந்ததே முதல் சாட்சி ஏறிய அன்று காலையில்.