மத்தியதரைக் கடல்ல கூட்டம் இல்லாத தீவு சொல்லுங்க, அம்மாவையும் கூட்டிட்டு போறோம்

தாரணி_கோவை:
எல்லாருக்கும் வணக்கம். செப்டம்பர் நடுவுல எட்டு நாள் லீவு கெடச்சிருக்கு, நானும் வீட்டுக்காரரும் அம்மாவும் போறோம். போன தடவை கிரீஸ்ல சான்டோரினி தீவுக்கு போனோம், அழகு தான் இல்லன்னு சொல்லல, ஆனா அங்க ஓயாங்கற ஊர்ல சூரியன் மறையறத பாக்க அவ்ளோ சீக்கிரமா போய் நின்னும் முன்னாடி இருக்கறவங்க தூக்கிப் பிடிச்ச ஃபோன் தான் தெரிஞ்சுது, அம்மா முடியலன்னு ஒரு படியில உக்காந்துட்டாங்க, எனக்கு மனசே ஆறல. இந்த தடவை ஊர் சுத்தவே வேணாம். கடல், தூக்கம், சாயங்காலம் கொஞ்சம் நடை, அவ்ளோதான். அம்மாவுக்கு முட்டி வலி, சுத்த சைவம், பால் தயிர் ஓகே. எந்த தீவு சரியா வரும்?

கடல்காத்து:
ப்ரோச்சிதா போங்க தாரணி. இத்தாலில நேப்பிள்ஸ் பக்கத்துல இருக்கு. வர்றவங்க எல்லாம் காப்ரி, இஸ்கியான்னு போயிடறாங்க, இஸ்கியாவுக்கு பக்கத்துலயே இருக்கற இத விட்டுடறாங்க. மொத்தமே 4 சதுர கிலோமீட்டர் தான். 2022க்கு இத்தாலியோட கலாச்சார தலைநகரா இந்த தீவத்தான் தேர்ந்தெடுத்தாங்க, அதுக்கப்புறம் கொஞ்சம் பேர் வர்றாங்க, இருந்தாலும் பகல்ல வந்துட்டு சாயங்கால ஃபெரில போயிடறவங்க தான் நெறைய, ராத்திரி தங்கினா ஊரு நம்மளோடது. நேப்பிள்ஸ்ல இருந்து ஹைட்ரோஃபாயில்ங்கற வேகப் படகுல முக்கால் மணி நேரம் கூட ஆகாது, பெரிய ஃபெரின்னா ஒரு மணி நேரம்.

ஒண்ணு மட்டும் கவனம். ஃபோட்டோல எல்லாம் வர்ற அந்த கலர் கலரா வீடு இருக்கற எடம் கொரிச்செல்லா, மீனவங்க குடியிருப்பு, அங்க வண்டி போகாது, படி எறங்கித்தான் போகணும். அம்மாவுக்காக ரூம் அங்க போடாதீங்க. தீவோட மறுகோடில கியாயோலெல்லான்னு ஒரு பக்கம் இருக்கு, தரை சமமா இருக்கும், மணல் பீச், துறைமுகத்துல இருந்து சின்ன பஸ் வரும், சூரியன் மறையறதும் அந்தப் பக்கம் தான். நாங்க அஞ்சு நாள் இருந்தோம், தினமும் சாயங்காலம் பீச் ஓரமா சேர் போட்டு உக்காந்தது தான் வேலை, ஒருத்தரும் தள்ளிட்டு முன்னாடி வரல.

சாப்பாட்டுக்கு எலுமிச்சை சாலட்னு கேளுங்க. அந்த ஊர் எலுமிச்சை நம்ம நார்த்தங்கா மாதிரி தடிமனா இருக்கும், மஞ்சத் தோல மட்டும் சீவிட்டு வெள்ளை சதையோட துண்டு போட்டு புதினா, மொளகா, பூண்டு, ஆலிவ் ஆயில் சேத்து பெசறி தர்றாங்க. வெள்ளைப் பகுதி கசக்கவே கசக்காது. அதோட தயிர்சாதமும் இருந்தா போதும்னு ஆயிடுச்சு எனக்கு.

மல்லிகா_ஃப்ராங்க்ஃபர்ட்:
ப்ரோச்சிதா நல்ல எடம் தான், ஆனா தெருவெல்லாம் ரொம்ப குறுகல், ஸ்கூட்டர் ஒரசிட்டு போகும், அம்மாவோட நடக்கறது கொஞ்சம் கஷ்டம். நான் கோசோ சொல்வேன், மால்டாவோட ரெண்டாவது தீவு. 67 சதுர கிலோமீட்டர், மால்டால இருந்து கார் ஏத்தற ஃபெரில 25 நிமிஷம், போகும்போது டிக்கெட் கேக்கல, திரும்பி வர்றப்போ தான் வாங்கினோம். எல்லாரும் இங்கிலீஷ் பேசறாங்க, வண்டி நம்மூர் மாதிரியே இடது பக்கம். பெரியவங்களோட போறப்போ இதெல்லாம் எவ்ளோ நிம்மதின்னு போனா தான் தெரியும்.

ஜிகன்டியா கோயில் அம்மாவுக்கு கண்டிப்பா காட்டுங்க, எகிப்து பிரமிடுக்கு முன்னாடி, கி.மு. 3600 வாக்குல கட்டினது. மார்சல்ஃபோர்ன் பக்கத்துல பாறைய சின்ன சின்ன பாத்தியா வெட்டி கடல் தண்ணி தேக்கி உப்பு எடுக்கறாங்க, வெள்ளையா குமிச்சு வெச்சிருப்பாங்க, நான் அங்கயே ஒரு பாக்கெட் வாங்கினேன். பழைய ஃபோட்டோல பாத்துட்டு அஸ்யூர் விண்டோன்னு கடலோரத்துல இருந்த அந்த பெரிய கல் வளைவ தேடாதீங்க, 2017 மார்ச்ல புயல்ல இடிஞ்சு விழுந்துடுச்சு. பட்டாணி வெச்ச பஸ்டிட்ஸி, நம்ம பஃப்ஸ் மாதிரி, சூடா கெடைக்கும், மாவுல பன்னிக் கொழுப்பு சேக்கற கடையும் உண்டு, கேட்டுட்டே வாங்குங்க.

ரவி_அலைகள்:
எந்த தீவா இருந்தாலும் கடைசி ராத்திரிய தீவுல வெக்காதீங்க. நாங்க ஒரு தடவ காலைல ஃபெரி, மத்தியானம் ஃப்ளைட்னு போட்டோம், காத்து அடிச்சு ஹைட்ரோஃபாயில் எல்லாம் நிறுத்திட்டாங்க, ஃப்ளைட் போச்சு. காத்துன்னா மொதல்ல நிக்கறது ஹைட்ரோஃபாயில் தான், பெரிய ஃபெரி கொஞ்சம் தாங்கும். அப்புறம் ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பால நெறைய நாட்டுக்கு சேத்து குடுக்கற ஒரே விசா, எந்த நாட்டுல அதிக ராத்திரி தங்கறீங்களோ அங்க தான் அப்ளை பண்ணணும், அதனால தீவ முடிவு பண்ணிட்டு ஆரம்பிங்க. ரெண்டு தீவையும் சேத்து போட்டுக்காதீங்க, ஒண்ணே போதும்.

தாரணி_கோவை:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். அம்மாகிட்ட ரெண்டு ஃபோட்டோவும் காட்டினேன், உப்புப் பாத்திய பாத்ததும் நம்ம தூத்துக்குடி மாதிரி இருக்கேன்னு சொல்லி கோசோவே போலாம்னுட்டாங்க. ஆறு ராத்திரி கோசோ, கடைசி ராத்திரி மால்டா. செப்டம்பர்ல தண்ணி குளிருமா?

மல்லிகா_ஃப்ராங்க்ஃபர்ட்:
குளிராது மா, வெயில் காலம் பூரா சூடேறின கடல், ஜூன்ல இருக்கறத விட சூடாவே இருக்கும். அம்மாவுக்கு ரப்பர் செருப்பு எடுத்துக்கோங்க, நெறைய எடத்துல மணல் கெடையாது, பாறைல தான் எறங்கணும். மணல் வேணும்னா ரம்லா பீச், செவப்பு மணல்.