லேப் ரிசல்ட் வருவதற்குள் ஓபி முடிந்துவிடுகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி: ஸ்டாஃப் நர்ஸ், காரைக்குடி பக்கம்

வணக்கம். அரசு மருத்துவமனையில் வேலை. என்குவாஸ் என்ற, அரசு மருத்துவமனைகளுக்கான தேசியத் தரச் சான்றுக்காக லேபையும் மருந்தகத்தையும் என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். ரிஜிஸ்டரில் குறையில்லை. ஆனால் புதுவயல், கண்டனூரிலிருந்து வெறும் வயிற்றோடு முதல் பஸ்ஸில் வரும் சுகர்காரர்கள், சாப்பிடும் முன்னும் பின்னும் ரத்தம் கொடுத்து ரிசல்ட் வாங்குவதற்குள் ஓபி முடிந்துவிடுகிறது. சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஊருக்குத் திரும்புகிறார்கள். பார்க்கவே மனசு கேட்கவில்லை. எங்கே ஆரம்பிப்பது?

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர், தேவகோட்டை

தங்கச்சி, முதலில் ஓபி சீட்டைக் கையில் எடு. பதிவு, டாக்டர் அறை, லேப், மருந்து ஜன்னல் என்று எல்லா இடத்திலும் சீட்டின் மூலையில் மணியைக் குறிக்கச் சொல். ஒரு வாரத்தில் எங்கே நேரம் போகிறதென்று தெரிந்துவிடும். நாங்கள் பார்த்தபோது மெஷினில் தாமதமே இல்லை. ரிசல்ட் தயாராகி, கையெழுத்துக்காக மேஜையில் கிடந்தது!

இரண்டாவது ரத்தத்துக்கான நேரத்தைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடு. சாப்பிட ஆரம்பித்தது 7.45 என்றால் ரத்தம் 9.45. படிக்கத் தெரியாத அப்பத்தாவை நேரம் வந்ததும் பேர் சொல்லிக் கூப்பிட ஆள் வை.

சான்று கிடைக்க 70 சதவீத மார்க் எடுக்க வேண்டுமே என்று ரிஜிஸ்டரையே கட்டிக்கொண்டு இருக்காதே. மதிப்பிட வருபவர்கள் நேரில் பார்ப்பார்கள், ஊழியரிடம் கேட்பார்கள், நோயாளியிடமும் கேட்பார்கள். அந்த அப்பத்தா சொல்வதற்கும் மார்க் உண்டு.

அப்புறம், சுகர் கட்டுக்குள் இருப்பவர்களை மக்களைத் தேடி மருத்துவத்தில் சேர்த்துவிடு. 2021லிருந்து வீட்டுக்கே மாத்திரை போகிறது. மருந்து வரிசை தானாகக் குறையும்.

பதில்: லேப் டெக்னீஷியன், சிவகங்கை

அக்கா சொல்வது சரி. ஆனால் அவசரத்தில் குழாயை மறந்துவிடாதீர்கள் சிஸ்டர். சுகருக்குச் சாம்பல் மூடி ஃப்ளூரைடு குழாய்தான். ரத்தம் உறையும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே மெஷினில் சுழற்றிப் பிரிக்கலாம். சாதாரணக் குழாயில் அப்படியே வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை சுகர் இறங்கிவிடும். அந்த அளவை நம்பி டாக்டர் மாத்திரையைக் குறைத்தால் பாவம் யாருக்கு?

கேள்வி கேட்டவர்:

ரொம்ப நன்றி அக்கா, நன்றி அண்ணே. லேபில் விசாரித்தேன், சாம்பல் மூடிக் குழாய் இருப்பு குறைவாம். இண்டென்ட் போட்டாயிற்று. 11.30க்குள் வரும் ரிசல்டை அன்றே பார்க்க டாக்டரும் சம்மதித்திருக்கிறார். சீட்டில் மணி குறிப்பது திங்கட்கிழமை ஆரம்பம்.